நிலக்கடலை ஒத்துக்காத மகன், மூணு நாள் கல்யாணம், ஒரு அப்பத்தா

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். காரைக்குடி பக்கத்துல பழைய வளவு வீடு எங்களோடது, மாமனார் மாமியாரோட இருக்கேன், வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. மகனுக்கு மூணரை வயசு. நாலு மாசத்துக்கு முன்னாடி பக்கத்து வீட்டுப் புள்ள குடுத்த கடலை மிட்டாய்ல ஒரு கடி கடிச்சான், பத்து நிமிஷத்துல உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்பு, ரெண்டு தடவை வாந்தி, அப்புறம் நெஞ்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. ஆஸ்பத்திரில ஊசி போட்டு சரியாச்சு. அப்புறம் எடுத்த ரத்த டெஸ்ட்ல கடலையோட சேத்து முட்டை, பால், கோதுமை, எள்ளு, கத்திரிக்கான்னு பதினொரு சாமான் பாசிட்டிவ்னு வந்துச்சு. பயந்துபோய் எல்லாத்தையும் நிறுத்திட்டேன், இப்ப ஒரு கிலோ குறைஞ்சு 13 கிலோ இருக்கான். அயித்தை, "எங்க காலத்துல ஏது இந்த நோவு, கொஞ்சங் கொஞ்சமா குடுத்தா பழகிரும்"னு சொல்லி போன மாசம் எனக்குத் தெரியாம இட்லிக்கு கடலைச் சட்னி தொட்டுக் குடுத்திருக்காக. வாயச் சுத்தி தடிச்சிருச்சு, கொசு கடிச்சதுன்னாக, ஒரு வாரம் கழிச்சு அவுகளே வந்து சொன்னாக. அன்னைக்கு இருந்து அவன் சாப்பாட்டை நான் யாரையும் தொட விடுறதில்ல, வீட்டுல பேச்சுவார்த்தை கொறைஞ்சு போச்சு. அடுத்த மாசம் தேவகோட்டைல நாத்தனார் மகள் கல்யாணம், மூணு நாள். வீட்டுக்காரர் போகவே வேணாம்கிறாக. ஜூன்ல எல்கேஜி. எனக்கு இப்ப அஞ்சு மாசம் வேற, இந்தப் புள்ளைக்கும் வந்துருமோன்னு நானும் கடலைய நிறுத்திட்டேன். என்ன செய்யட்டும்?

பதில்:

அயித்தை கடலைச் சட்னி குடுத்தது தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்லம்மா. ஆனா ஒரு வாரம் கழிச்சு அவுகளே வந்து சொன்னாகன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரிய நான் திரும்பத் திரும்ப படிச்சேன். மறைக்கணும்னு நினைக்கிறவுக கடைசி வரைக்கும் வாயத் திறக்க மாட்டாக. அந்த ஒரு வாரம் அவுக தூங்கியிருக்க மாட்டாகன்னு எனக்குத் தோணுது. இருபது வருஷத்துக்கு மேல இந்தப் பக்கம் குழந்தைங்கள பாக்குறேன், அலர்ஜி உள்ள புள்ளை வீட்டுல எதாச்சும் நடந்துச்சுன்னா அது பெரும்பாலும் விஷயத்தை முழுசா தெரியாத, புள்ள மேல உசுரையே வச்சிருக்குற ஒரு ஆளாலதான் நடந்திருக்கு. அந்த ஆளை அடுப்பங்கரைக்கு வெளிய நிறுத்தினா பாதுகாப்புன்னு நினைக்கிறோம், அது சரியா வராது. நீங்க பிரசவத்துக்குப் போற அன்னைக்கு அவனுக்கு யாரு சோறு ஊட்டுவா? அயித்தைதான. அப்ப அவுகளுக்கு உங்களுக்குத் தெரிஞ்சது எல்லாம் தெரிஞ்சிருக்கணும், இன்னும் ரெண்டு மடங்கு தெரிஞ்சா ரொம்ப நல்லது.

கொஞ்சங் கொஞ்சமா குடுத்தா பழகும்னு அவுக சொன்னது முழுக்க கிறுக்குத்தனமும் இல்ல, அதை அவுககிட்ட நீங்களே சொல்லுங்க. அப்படி ஒரு வைத்தியம் நிஜமாவே இருக்கு. பெரிய அலர்ஜி சென்டர்கள்ல நிலக்கடலை புரதத்தை மில்லிகிராம் கணக்குல, ஒரு கடலையோட நூத்துல ஒரு பங்கை விடக் கம்மியா ஆரம்பிச்சு, மாசக் கணக்குல ஏத்துவாங்க, டோஸ் ஏத்துற ஒவ்வொரு தடவையும் டாக்டர் பக்கத்துல இருப்பாங்க. 2020-ல அமெரிக்காவுல நாலு வயசுக்கு மேற்பட்ட புள்ளைங்களுக்கு இதுக்குன்னே ஒரு கடலைப் பொடி மருந்தா அங்கீகாரம் வாங்குச்சு. அதுலயும் இடையில ரியாக்‌ஷன் வரும், அதுவும் நோயை முழுசா தீர்க்காது, தெரியாம ஒரு துண்டு வாயில போயிட்டா உசுருக்கு ஆபத்து வராம காக்குற அளவுக்குத்தான். சட்னில எத்தனை கடலை இருக்குன்னு யாருக்குத் தெரியும், ஒரே ஒரு கடலையிலயே இருநூறு மில்லிகிராமுக்கு மேல புரதம் இருக்கு. மருந்துக் கடையில தராசு வச்சு நிறுக்கிற சரக்கை கரண்டியால அள்ளி ஊத்துன மாதிரின்னு அவுககிட்ட சொல்லுங்க, வெளங்கும். இன்னொண்ணு, போன தடவை வெறும் தடிப்போட போச்சு, அடுத்த தடவையும் அப்படித்தான் போகும்னு கணக்குப் போடவே கூடாது. அன்னைக்கு சளி இருந்துச்சா, வெறும் வயித்துல இருந்தானா, எவ்வளவு உள்ள போச்சுன்னு பொறுத்து ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

எங்க காலத்துல இல்லைன்னு சொல்றதுக்கும் சண்டை போடாம பதில் சொல்லலாம். அலர்ஜிங்குற சொல்லே 1906-ல வியன்னாவுல பிர்கேன்னு ஒரு குழந்தை வைத்தியர் வச்ச பேருதான், அதுக்கு முந்தி அந்தச் சொல்லே கிடையாது. நம்ம ஊருல சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்து துவண்டு போன புள்ளைய மாந்தம்னாக, காத்து கருப்புன்னாக, அதோட முடிஞ்சிருச்சு. அப்பறம் கரப்பான் பண்டம்னு ஒரு சொல்லு பெரியவுக எல்லாருக்கும் தெரியும், உடம்பு அரிப்பு உள்ள புள்ளைக்கு சில சாமான் ஆகாதுன்னு ஒதுக்குவாக. அந்தப் பட்டியல் எல்லாம் இன்னைக்கு மருத்துவத்துக்கு ஒத்துப் போகாது, ஆனா ஒரு பண்டம் ஒரு உடம்புக்கு ஆகாதுங்குற எண்ணம் அவுகளுக்குப் புதுசு இல்ல. அங்க இருந்து பேச்சை ஆரம்பிச்சுப் பாருங்க.

இப்ப அந்த ரிப்போர்ட். இதுல எனக்கு நெஜமாவே கோவம் இருக்கு. கடலைக்கு மட்டும் பாக்க வேண்டிய இடத்துல நாப்பது சாமானுக்கு சேத்து ரத்தத்தை எடுத்து, ஒரு தாளை கையில குடுத்து அனுப்பிடுறாங்க, அந்தத் தாளை வச்சுக்கிட்டு புள்ளைய பட்டினி போடுற அம்மாக்களை மாசம் ரெண்டு பேரையாவது பாக்குறேன். இந்த டெஸ்ட் பாசிட்டிவ்னா உடம்புக்கு அந்தச் சாமானை அடையாளம் தெரியுதுன்னு அர்த்தம், சாப்பிட்டா ஆகாதுன்னு அர்த்தம் கிடையாது. அலர்ஜிய முடிவு பண்றது முதல்ல நடந்த கதை, அதுக்குத் துணையாத்தான் டெஸ்ட். உங்க மகன் கதையில கடலை சந்தேகமே இல்ல, ரெண்டு தடவை சாப்பிட்டான், ரெண்டு தடவையும் உடனே வந்துச்சு. மத்த பத்துக்கு? அந்த கடலை மிட்டாய் நாள் வரைக்கும் அவன் பால் குடிச்சான், பூரி தின்னான், நல்லெண்ணெய் விட்டு இட்லிப்பொடி தொட்டு தின்னிருப்பான், நம்ம வீட்டுல கத்திரிக்கா கோசமல்லி இல்லாத வாரம் உண்டா? ஒண்ணும் ஆகலைன்னா அந்தச் சாமான் எதுவும் அவனுக்கு அலர்ஜி இல்ல, தாள்ல என்ன நம்பர் போட்டிருந்தாலும் சரி. அது மட்டும் இல்ல, ஒத்துக்கிட்டிருந்த சாப்பாட்டை இப்படி மாசக் கணக்கா நிறுத்தி வச்சா, அதுக்கே நிஜமா அலர்ஜி வந்துர்ற வாய்ப்பும் கொஞ்சம் இருக்கு, அதுவும் கரப்பான், அதாவது எக்சிமாங்குற தோல் அரிப்பு உள்ள புள்ளைங்களுக்கு. அதுனால சீக்கிரமே திரும்ப ஆரம்பிக்கணும். நாலு மாசம் நிறுத்திட்டதால வீட்டுல தடாலடியா வேணாம், பாலு, முட்டை, எள்ளு, கோதுமை நாலையும் முதல் வாய் டாக்டர் முன்னாடி வச்சு குடுத்துப் பாத்துட்டு வீட்டுல தொடரலாம். கத்திரிக்காய்க்கு எல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்ல. அந்த ஒரு கிலோ ரெண்டு மாசத்துல தானா ஏறிரும் பாருங்க.

யாராச்சும் ஐஜிஜி டெஸ்ட்னு இன்னொரு பெரிய பட்டியலுக்கு ரத்தம் கேட்டா குடுக்காதீங்க, அதை வச்சு உணவு அலர்ஜி கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது பேரு. இதை நான் எல்லா அம்மாகிட்டயும் சொல்றேன், தமிழ்ல கடலைங்குற ஒரே சொல்லுக்குள்ள எத்தனை சாமான் ஒளிஞ்சிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. நிலக்கடலை, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலை மாவு. நீங்க "புள்ளைக்குக் கடலை ஆகாது"ன்னு சொன்னா ஒருத்தவுக பஜ்ஜிய ஒளிச்சு வச்சுட்டு கடலை மிட்டாயை எடுத்து நீட்டுவாக, மிட்டாய் தானேன்னு. ஒரு கல்யாணத்துல இப்படியே நடந்து புள்ளைய என்கிட்ட தூக்கிட்டு வந்தாக. அதுனால இனிமே நிலக்கடலைன்னு முழுப் பேரா சொல்லுங்க, வீட்டுல எல்லாரும் அப்படியே சொல்லட்டும், உங்க மகனுக்கும் அந்தச் சொல்லைத்தான் சொல்லிக் குடுக்கணும். பொட்டுக்கடலையும் கொண்டைக்கடலையும் வேற வகை, ஒரே பயறுக் குடும்பம்னாலும் நிலக்கடலை ஆகாத புள்ளைங்க நிறையப் பேருக்கு அதுக நல்லாவே ஒத்துக்கும், இவன் முன்னாடி சாப்பிட்டிருந்தா தாராளமா குடுங்க. பொட்டுக்கடலைச் சட்னி இருக்கும்போது எதுக்கு வம்பு? முந்திரியும் முன்னாடி சாப்பிட்டிருந்தான்னா குடுக்கலாம், ஆனா வறுத்த முந்திரி வாங்காதீங்க, வறுகடலைக் கடையில அதே சட்டியில அதே மணல்லதான் எல்லாத்தையும் புரட்டுவாங்க. பச்சை முந்திரிய வாங்கி நீங்களே நெய்யில வறுத்துக்கங்க. தேங்காய் பிரச்சினையே இல்ல.

எண்ணெய் விஷயம் நம்ம பக்கத்துக்குன்னே தனியா சொல்லணும். ஆலையில சுத்திகரிச்ச ரீஃபைண்ட் கடலெண்ணெய்ல புரதம் அநேகமா இருக்காது, அது பெரும்பாலான புள்ளைங்களுக்கு ஒண்ணும் செய்யாது. ஆனா நம்ம செக்குல ஆட்டுன கடலெண்ணெய் அப்படி இல்ல, அந்த வாசத்தோட சேந்து கடலைப் புரதமும் அதுல வந்துரும், அது உங்க வீட்டுக்கு வேணவே வேணாம். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ செக்குல வாங்குறீங்கன்னாலும் கேட்டு வாங்குங்க, அதுக்கு முந்துன ஈடு அதே செக்குல நிலக்கடலைய ஆட்டியிருந்தா ஒட்டிக்கிட்டு வரும். கொஞ்ச காலத்துக்கு டப்பாவுல அடைச்ச எண்ணெயே இருக்கட்டும்னு நான் சொல்லுவேன், செக்கெண்ணெய் மேல அயித்தைக்கு இருக்கிற பிரியம் எனக்கும் உண்டு, ஆனாலும். அதே மாதிரி உடம்புக்கு தேய்க்கிறதும், கரப்பான் உள்ள தோல்ல கடலெண்ணெய் படவே கூடாது, தோல் வழியா உள்ள போற கடலைதான் நிறைய புள்ளைங்களுக்கு அலர்ஜியவே கிளப்பி விடுதுன்னு இப்ப தெளிவா தெரியுது.

வீட்டுக்குள்ள யாருமே நிலக்கடலை தொடக் கூடாதான்னா, மாமனார் சாயங்காலம் அவிச்ச கடலை சாப்பிடுற பழக்கம் உள்ளவுகளா இருந்தா அவுகளை முகப்புல உக்காந்து சாப்பிடச் சொல்லுங்க, தொலியை அங்கயே கூட்டி அள்ளிப் போட்டுட்டு சோப்பு போட்டு கையக் கழுவிட்டு உள்ள வரட்டும். சோப்பும் தண்ணியும்தான் வேணும், சானிடைசர் தேய்ச்சா கடலை போகாது, அது கிருமிக்குத்தான். வறுக்கிற வாசத்துக்கே புள்ள மயங்கி விழுந்துருமோன்னு பயப்பட வேணாம், வாசத்துல புரதம் இல்ல. சமையல்ல மட்டும் கறாரா இருங்க. அவனுக்குன்னு ஒரு தோசைக்கல்லு, ஒரு பணியாரச் சட்டி, ஒரு மிக்ஸி ஜாரு, ரெண்டு கரண்டி, அது வேற அலமாரி. இதைச் சொன்னா அயித்தை மனசு கோணுவாகளோன்னு நினைக்காதீங்க. நம்ம பக்கம் கல்யாணமான மகனை வேற வைக்கிறது காலம் காலமா இருக்கிற வழக்கம்தான, ஒரே வளவுக்குள்ள புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு ஜோடிக்கு, ஒரு அடுப்புன்னு நாலு அடுப்பு எரிஞ்ச வீடுகதான எல்லாம், அதை யாரும் சண்டைன்னு சொன்னதில்ல. உங்க மகனையும் இப்பவே ஒரு தனிப் புள்ளின்னு வச்சுக்கிட்டு, அந்த அலமாரி சாவிய அயித்தை இடுப்புல குடுங்க. அவுக பொறுப்புன்னு ஆயிட்டா உங்களை விட கண்டிப்பா நிப்பாக, நான் பாத்திருக்கேன்.

சாவியோட இன்னொண்ணும் அவுக கையில இருக்கணும். அட்ரினலின் ஊசி. இதைப் பத்தி எழுதும்போது எனக்கே ஒரு உறுத்தல் உண்டு, வேலைக்குச் சேந்த புதுசுல இப்படி தடிச்சு இழுத்துக்கிட்டு வந்த புள்ளைங்களுக்கு அவில் ஊசியும் ஸ்டீராய்டும் போட்டு, கொஞ்ச நேரம் பாத்துட்டு அனுப்பியிருக்கேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலை, அது கடவுள் புண்ணியம், என் திறமை இல்ல. அவிலும் செட்ரிசினும் அரிப்பையும் தடிப்பையும்தான் அடக்கும், அடைக்கிற தொண்டைய அதுக திறக்காது, இறங்குற பிரஷரை ஏத்தாது. அந்த வேலைய செய்றது அட்ரினலின் ஒண்ணுதான், அதுவும் சீக்கிரமா போட்டாத்தான்.

எப்போ போடணும்? ஆகாததை தின்ன புள்ளைக்கு தடிப்பு மட்டும் நாலு இடத்துல இருந்தா செட்ரிசின் குடுத்துட்டு கண்ணை எடுக்காம பாக்கலாம். தடிப்போட இருமல் விடாம வருது, குரல் கம்முது, மூச்சு இழுக்குது, நாக்கு தொண்டை வீங்குது, திரும்பத் திரும்ப வாந்தி, இல்ல வெளுத்துப் போய் துவண்டு கெடக்கான், இதுல ஒண்ணு சேந்தாலும் அட்ரினலின்தான். சில நேரம் தோல்ல ஒண்ணுமே தெரியாம நேரா மூச்சுல காட்டும், அப்பவும் அதேதான். உங்க மகனுக்கு கடலை மிட்டாய் அன்னைக்கு தடிப்போட வாந்தியும் இழுப்பும் சேந்து வந்ததும் அட்ரினலின் போட வேண்டிய ரகம்தான். போடுற இடம் தொடையோட நடுவுல, வெளிப்பக்கம், சதையில. டவுசரைக் கழட்டிக்கிட்டு இருக்க வேணாம், துணிக்கு மேலயே குத்தலாம். அளவு எடைக்குத் தக்கன கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், உங்க மகனுக்கு 13 கிலோன்னா ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பியூல்ல இருந்து 0.13 மில்லி. இதை என் பேச்சை வச்சு நீங்களா செய்யக் கூடாது, உங்க டாக்டர் தாள்ல அளவு எழுதி, உங்க கையால உறிஞ்சிக் காட்டச் சொல்லி, பாத்து ஒத்துக்கிட்ட பிறகுதான். வெளிநாட்டுல குத்துனதும் தானா அளவு இறங்குற பேனா மாதிரி ஊசி இருக்கு, நம்ம ஊரு மெடிக்கல்ல அது லேசுல கிடைக்காது, வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காகன்னா அங்க ஒரு டாக்டரைப் பாத்து, இவ்வளவு எடைக்கு எது சரின்னு கேட்டு, சீட்டு வாங்கி கொண்டு வர முடியுமான்னு பாக்கச் சொல்லுங்க. அது வர்ற வரைக்கும் ஆம்பியூலும் ஒரு மில்லி சிரிஞ்சும் போதும், விலையும் கம்மிதான்.

போட்ட உடனே 108-க்கு அடிங்க. புள்ளைய படுக்க வச்சு காலைத் தூக்கி வைங்க, மூச்சு வாங்குதுன்னா சாச்சு உக்கார வைக்கலாம், ஆனா எழுந்து நடக்க விடாதீங்க, தோள்ல செங்குத்தா தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடுறதும் கூடாது. பதறுன வீட்டுல எல்லாரும் செய்றது அதுதான், பிரஷர் இறங்கியிருக்கும்போது அது உசுருக்கே ஆபத்து. அஞ்சு நிமிஷத்துல தேறலைன்னா ரெண்டாவது ஊசி, அதுக்குத்தான் எப்பவும் ரெண்டு செட்டு வச்சுக்கணும். ஆஸ்பத்திரில போய் நல்லாயிட்டாலும் சில மணி நேரம் அங்கயே இருக்கணும், அடங்குனது திரும்பக் கிளம்புறது உண்டு. ஆம்பியூலை கார்ல வைக்காதீங்க, நம்ம ஊரு மே மாச வெயில்ல காருக்குள்ள அடுப்பு மாதிரி இருக்கும். உங்க வீட்டுல இரண்டாங்கட்டுல வெளிச்சம் படாத குளுகுளுன்னு ஒரு அறை இருக்கும்ல, அங்க எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே இடத்துல வைங்க. மருந்து நிறம் மாறியிருந்தா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணும், தேதி முடியறதுக்கு முந்தி காலண்டர்ல குறிச்சு வச்சுக்கங்க.

இப்ப கல்யாணம். போங்க. சொந்தக்காரக் கல்யாணத்துக்குக் கூட போகாத புள்ளையா அவன் வளர வேணாம்.

நம்ம கல்யாணப் பலகாரத்துல நிலக்கடலை சேர்றது நீங்க பயப்படுற அளவு இல்ல. வெள்ளைப் பணியாரம் பச்சரிசியும் உளுந்தும், கந்தரப்பம் அரிசி பருப்பு வெல்லம் தேங்காய், கவுனி அரிசில சீனியும் தேங்காயும் நெய்யும், இடியப்பத்துல ஒண்ணுமில்ல. ஆபத்து ஒளிஞ்சிருக்கிறது மூணு இடத்துல, எண்ணெய்ச் சட்டி, சட்னிக் கரண்டி, பலகாரத் தட்டு. பணியாரம் சுடுற எண்ணெய் எதுன்னு கேக்கணும், அதே சட்டில முந்தி நிலக்கடலை போட்ட எதையாச்சும் பொரிச்சாகளான்னும் கேக்கணும். ஒரு சட்னிலேர்ந்து இன்னொரு சட்னிக்குப் போற கரண்டிதான் பந்தியில பெரிய எதிரி. மிக்சர், மணகோலம் மாதிரி கலந்து வச்சது எதுவுமே வேணாம், அதுல யாரு என்ன போட்டாகன்னு கடைசியில யாருக்கும் தெரியாது. கடைப் பாக்கெட்டுன்னா பின்னால படிங்க, நம்ம நாட்டுச் சட்டப்படி நிலக்கடலை இருந்தா அதைத் தனியா எடுத்துச் சொல்லியே ஆகணும், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட 2020 லேபிள் விதியில அது இருக்கு. ஆனா தட்டுல குவிச்சு வச்ச ஸ்வீட்டுக்கு ஏது லேபிள்?

சமையல்காரர்கிட்ட முந்துன நாளே பேசிருங்க, பந்தி நடக்கும்போது போய் நின்னா யாரு காதுலயும் ஏறாது. "புள்ளைக்கு நிலக்கடலை பட்டா மூச்சு நின்னுரும், நீங்கதான் பாத்துக்கணும்"னு நேரா சொல்லுங்க, நம்ம சமையல்காரங்க அனுபவப்பட்டவங்க, பொறுப்பா கேட்டுக்குவாங்க. அவங்க எவ்வளவு உறுதி சொன்னாலும் அவன் சாப்பாட்டை தூக்குச்சட்டில நீங்க கொண்டு போயிருங்க, பந்தியில எல்லாரோடயும் உக்காரட்டும், இலையும் போடட்டும், இலையில விழுறது மட்டும் உங்க சட்டிலேர்ந்து. வெறும் சோறும் தயிரும் கட்டிட்டுப் போயிராதீங்க. அடுத்த புள்ள இலையில பணியாரம் இருக்கும்போது இவனுக்கு வீட்டுல சுட்ட பணியாரம் ரெண்டு இருக்கணும், அயித்தை கையால சுட்டது.

அப்புறம் ஆளு. இது சாப்பாட்டை விட முக்கியம். கல்யாண வீட்டுல ஒரு புள்ளைய இருபது பேரு தூக்குவாக, இருபது பேரும் பாத்துக்குறாகன்னு நீங்க நினைப்பீங்க, ஆனா எல்லாரும் பாக்குற புள்ளைய யாருமே பாக்க மாட்டாக. குறிப்பா திருப்பூட்டுற, அதாவது தாலி கட்டுற நேரம், அத்தனை பேரு கண்ணும் மணவறை மேல இருக்கும், நாத்தனார் மகள்னா நீங்களும் முன்னாடி நின்னாகணும். அந்த நேரத்துக்கு புள்ள யாரு பொறுப்புன்னு பேரு சொல்லி முடிவு பண்ணிருங்க, கை மாறுறப்போ "இப்ப உங்ககிட்ட"ன்னு வாயால சொல்லி, மருந்துப் பையையும் சேத்தே மாத்துங்க. பையும் புள்ளையும் எப்பவும் ஒண்ணா இருக்கணும், பை மாடி ரூம்ல பூட்டிக் கெடந்தா அது இல்லாததுக்குச் சமம். தேவகோட்டைல கல்யாண வீட்டுக்குப் பக்கத்துல ராத்திரியும் டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி எதுன்னு முந்தியே பாத்து வச்சுக்கங்க. கொஞ்சுறேன்னு வாயில ஊட்ட வர்றவுககிட்ட நீங்க தடுத்தா மருமகளுக்கு கொழுப்புன்னு பேசுவாக, அயித்தை தடுத்தா ஒரு பேச்சு வராது. அதுக்கும்தான் சொல்றேன் அவுகள உங்க பக்கம் வச்சுக்கங்கன்னு. பிள்ளையார் நோன்பு, படைப்புன்னு வருஷம் பூரா வீட்டுல எத்தனை இருக்கு, எல்லாத்துக்கும் இதே முறைதான்.

ஸ்கூலுக்கு ஜூன் வரைக்கும் காத்திருக்காம ஏப்ரல்லயே போய் பிரின்சிபாலையும் வகுப்பு டீச்சரையும் பாருங்க. புள்ள போட்டோ, ஆகாதது எது, என்ன வந்தா என்ன செய்யணும், யாருக்குப் போன் பண்ணணும்னு ஒரே பக்கத்துல தமிழ்ல எழுதி டாக்டர் கையெழுத்தோட குடுங்க. டிஃபன் பாக்ஸ் மாத்திக்கக் கூடாது, பொறந்தநாள் மிட்டாயை வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டிட்டுத்தான் சாப்பிடணும். ஊசி போட டீச்சர் பயந்தாங்கன்னா குத்தம் சொல்லாதீங்க, ஒரு தடவை சொல்லிக் குடுத்தா முக்கால்வாசி பேரு துணிஞ்சிருவாங்க.

வயித்துல இருக்கிற புள்ளைக்கு வருவோம். உங்களுக்கு ஒத்துக்கிற கடலைய நீங்க நிறுத்த வேண்டிய அவசியமே இல்ல, கர்ப்பத்துல அம்மா ஒதுக்குனா புள்ளைக்கு அலர்ஜி வராதுங்குறதுக்கு ஆதாரம் இல்ல. முன்னாடி நாங்களே, அதாவது டாக்டர்களே, ஆபத்து உள்ள வீட்டுல மூணு வயசு வரைக்கும் கடலை குடுக்காதீங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம். 2015-ல லண்டன்ல ஒரு ஆராய்ச்சி அதை தலைகீழா மாத்திருச்சு. கடுமையான கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள 640 கைக்குழந்தைங்கள, நாலு மாசத்துலேர்ந்து பதினொரு மாசத்துக்குள்ள உள்ளவங்கள, ரெண்டா பிரிச்சு பாதிப் பேருக்கு நிலக்கடலைய வாரா வாரம் குடுத்தாங்க, மீதிப் பேருக்கு அஞ்சு வயசு வரைக்கும் கண்ணுலயே காட்டலை. அஞ்சு வயசுல பாத்தா ஒதுக்குன கூட்டத்துல நூத்துக்கு 17 பேருக்கு கடலை அலர்ஜி, சாப்பிட்ட கூட்டத்துல நூத்துக்கு 3 பேருக்குத்தான். அந்த வகையில அயித்தை சொன்ன பழக்கம் நிஜம்தான், ஆனா அது அலர்ஜி வர்றதுக்கு முந்தி பழக்குறது, வந்த பிறகு இல்ல. இந்த வித்தியாசத்தை அவுககிட்ட நிதானமா சொல்லுங்க, ஏன்னா அடுத்த புள்ளைக்கு ஆறு மாசத்துல சாப்பாடு ஆரம்பிக்கும்போது அவுக சொன்னதைத்தான் நாம செய்யப் போறோம், முழுக் கடலையா இல்லாம மையா அரைச்சு கூழ்ல கரைச்சு. முழுசா குடுத்தா மூச்சுக்குழல்ல சிக்கிக்கும். அதுக்கு முந்தி தோல்ல கடுமையான கரப்பான் இருந்தா என்கிட்ட காட்டிட்டு ஆரம்பிப்போம். பெரியவன் பக்கத்துல இல்லாத நேரமா பாத்துக் குடுத்து, குட்டிக்கு கையும் வாயும் சோப்பு போட்டு துடைச்சு விடணும்.

பெரியவனுக்கு இது வாழ்நாளுக்கும் இருக்குமான்னு நீங்க கேக்கலை, ஆனா மனசுல இருக்கும். நிலக்கடலை அலர்ஜி அஞ்சுல ஒரு புள்ளைக்கு வளர வளர விட்டுப் போகுது. வருஷா வருஷம் பாத்துக்கிட்டு வருவோம், அளவு இறங்குச்சுன்னா ஆஸ்பத்திரில வச்சு, ஊசி மருந்தெல்லாம் பக்கத்துல தயாரா வச்சுக்கிட்டு, குடுத்துப் பாத்து முடிவு பண்ணலாம். அதை வீட்டுல யாரும் செஞ்சு பாக்க வேணாம்.

கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முந்தி ஒரு காலைல அவனைக் கூட்டிட்டு உங்க குழந்தை டாக்டர்கிட்டயோ இல்ல என்கிட்டயோ வாங்க, அந்த ரிப்போர்ட்டையும் எடுத்துக்கங்க. ஒரு டம்ளர் பாலு, அவிச்ச முட்டை ஒண்ணு, எள்ளு சேத்த இட்லிப்பொடி கொஞ்சம், பூரி ஒண்ணு டப்பாவுல போட்டுக்கங்க, அரை நாள் ஆகும்னு நினைச்சுட்டு வாங்க. அயித்தையையும் கண்டிப்பா கூட்டிட்டு வரணும். ஊசி பழகுறதுக்கு நான் சாத்துக்குடி வாங்கி வச்சிருப்பேன், முதல்ல அவுகளே குத்திப் பாக்கட்டும், அப்புறம் நீங்க.